உப்புக் காற்றும் ஒரு நூற்சக்கரமும்

பொருள் ஒன்றை வாங்கச் சென்று, அதனோடு சிறிது அறிவையும் வாங்கி வருதல் எப்பொழுதும் வாய்ப்பதன்று. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் எமக்கு அப்பேறு வாய்த்தது. வாங்கச் சென்றது, தூண்டிற்கோலிற் பூட்டும் ஒரு சிறு சக்கரம். சென்ற இடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியிலே, புளோரிடா மாநிலத்திலிருந்து வால்போல வளைந்து கடலுள் நீண்டு கிடக்கும் தீவுத் தொடர். மரக்கறி உணவினரும், பௌதிகவியல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவருமாகிய எமக்கும் மீன் தூண்டிலுக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். அத்தொடர்பு எம் தமக்கையார் வீட்டு வழியாக வந்தது.

தமக்கையாரும் அத்தானும் மயாமி நகருக்குத் தெற்கேயுள்ள ஹோம்ஸ்டெட் என்னும் ஊரிற் குடியிருக்கின்றனர். அவர்தம் ஒரே மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். வார இறுதிகளில் ஒரு பல்பொருள் அங்காடியிற் பெட்டி அடுக்கித் தன் கைச்செலவைத் தானே தேடிக்கொள்பவன். புகைத்தல், குடித்தல் முதலிய பழக்கம் ஏதும் இல்லாத நல்ல பிள்ளை. அவனுக்குள்ள ஒரே பித்து, அந்நாட்டார் பெரிதும் விரும்பும் ஈத்தூண்டில்.

பேசாது திரும்பிய பிள்ளை

ஈத்தூண்டில் என்பதில் உயிருள்ள இரை கிடையாது. கொளுக்கி ஒன்றின்மேல் இறகையும் மயிரையும் நூலாற் கட்டி, இறால் என்றோ நண்டு என்றோ மீன் மயங்குமாறு செய்வர். எந்த உருவில் அமைந்தாலும் அதற்கு 'ஈ' என்பதே பெயர். அதற்கு நிறையே இல்லை எனலாம். ஆதலின் எறியப்படுவது ஈயன்று. நிறையுள்ள தடித்த நூலே எறியப்படுகின்றது. நூல் போகும் வழியே ஈயும் போகும். தடித்த நூல் ஏறக்குறைய 30 யார் நீளம் இருக்கும். அதற்கு முன்னே, மீனின் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய தங்கூசி. பின்னே, சக்கரத்தினுள் 150 முதல் 200 யார் வரை அடிநூல். இவையனைத்தையும் சுற்றி வைத்திருப்பதுதான் றீல் எனப்படும் நூற்சக்கரம்.

ஆற்றிலும் ஏரியிலும் சிறு மீன் பிடிப்போருக்கு இச்சக்கரம் நூல் வைக்கும் பெட்டியாக இருந்தாலே போதும். கடலில் நிலைமை வேறு. போன்பிஷ் என்றொரு வெள்ளி நிற மீன், முழங்காலளவு நீரில் வந்து மேய்கின்றது. கொளுக்கி தைத்ததும் ஒரே பாய்ச்சலில் 100 யாருக்கு மேலும் ஓடவல்லது. அவ்வேளையிற் சக்கரம் தடையின்றிச் சுழன்று நூலை விடவும் வேண்டும். மீன் களைக்கும் அளவுக்கு அளவாகத் தடுக்கவும் வேண்டும். விடுதலும் தடுத்தலும் ஒருங்கே செய்யும் இந்தப் பிரேக்கே சக்கரத்தின் உயிர்.

எம் மருமகன் மலிவு விற்பனையில் வாங்கிய ஒரு சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் அக்கடலில் நடந்து திரிந்தான். ஒரு போன்பிஷ்தானும் அகப்படவில்லை. சென்ற ஜூன் மாதத்தில் ஒருநாள் மாலை முதன்முதலாக ஒரு மீன் ஈயைக் கவ்விற்று. இருபது யார் ஓடியிருக்கும். சக்கரம் இறுகி நின்றுவிட்டது. தங்கூசி அறுந்தது. இரண்டு ஆண்டுக் காத்திருப்பு ஒரு நொடியில் முடிந்தது. அன்றிரவு அவன் வீட்டாரோடு பேசவில்லை, உண்ணவும் இல்லை.

அதன்பின் அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். வாங்கினால் 850 டொலர் விலையுள்ள முதற்றரச் சக்கரமே வாங்குவது. கையிலுள்ள 300 டொலர் போக, மிகுதியைக் கடன் அட்டையில் எடுப்பது. அத்தானோ இதனைக் கேட்டதும் கொதித்தெழுந்தார்.

“பிடிச்ச மீனைத் திருப்பிக் கடலிலை விடுறதுக்கு எண்ணூறு டொலரோ? அதுவும் கடனுக்கோ?”

நாம் போய்ச் சேர்ந்த வேளையில் தந்தையும் மகனும் ஒருவாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தமக்கையார் எம்மைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலிற் கூறினார்:

“தம்பி, நீ படிப்பிக்கிற ஆள். நீ சொன்னால் கேப்பான். ஒருக்கா அவனோடை கதைச்சுப் பார்.”

பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது எமக்குப் பழகிய தொழில். சொந்த மருமகனுக்குச் சொல்வது அத்துணை எளிதன்று. ஆதலின் புத்தி சொல்வதை விடுத்து, இறுகிய சக்கரத்தைக் கொண்டுவரச் சொன்னோம்.

இருவருமாக அதனைக் கழற்றினோம். உள்ளேயிருந்த சிறு குண்டுப்போதிகை துருவேறிச் செம்மண் கட்டிபோல் ஆகியிருந்தது. கறையில் உருக்கினாலான திருகாணிகளைச் சூழ அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்தது. பாடசாலையில் இரசாயனவியல் கற்போர் இதன் காரணத்தை அறிவர். வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையே உப்புநீரும் சேர்ந்தால், அவ்விடத்திலே ஒரு சிறு மின்கலம் உண்டாகின்றது. அதில் அரிக்கப்படுவது அலுமினியமே. இச்சக்கரத்தின் பிரேக்குக்கு நீரையும் மணலையும் தடுக்கும் மூடி எதுவும் இருக்கவில்லை. உப்பு தங்குதடையின்றி உள்ளே குடியேறியிருந்தது.

“கடலாலை வந்தவுடனை இதைக் கழுவுறனீயோ?” என்று கேட்டோம்.

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பின்னர், “இல்லை மாமா. ஈரப் பையோடை காரிலை கிடக்கும்” என்றான்.

பழி முழுவதும் மலிவுச் சக்கரத்தின்மேல் இல்லை என்பது அவனுக்கும் அப்போது ஒருவாறு விளங்கியிருத்தல் வேண்டும்.

கடல்மேற் பாதை

மறுநாட் காலை மாமனும் மருமகனுமாகப் புறப்பட்டோம். ஹோம்ஸ்டெட்டைக் கடந்ததும் இருமருங்கும் சதுப்புநிலமும் கண்டற்காடும். பின்னர் கீ லார்கோ என்னும் பெருந்தீவு. அதன்பின் தீவும் பாலமுமாக மாறி மாறி வரும் பாதை. இடப்புறம் அத்திலாந்திக் மாகடல். வலப்புறம் புளோரிடா விரிகுடா. கடைசித் தீவாகிய கீ வெஸ்ட் வரை இப்பாதை இவ்வாறே செல்கின்றது. பாதையோரத்து மைல் எண்களும் கீ வெஸ்டிலிருந்தே தொடங்குவதால், நாம் செல்லச் செல்ல எண் குறைந்துகொண்டே வந்தது.

பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்குச் சென்றவர்களுக்கு இக்காட்சி முற்றிலும் புதியதன்று. எம்மவர் பரவைக்கடல் என வழங்கும் ஆழங்குறைந்த கடலே ஈண்டும் இருமருங்கும் பரந்து கிடக்கின்றது. மணற்றரைமேல் இளம்பச்சை, புல்வளர்ந்த இடத்திற் கரும்பச்சை, ஆழமான ஓடையில் நீலம். நீரின் அடித்தரை கண்ணுக்குத் தெரியும். எம்மவர் அத்தகைய கடலில் வலைகட்டிச் சீவியம் நடத்துகின்றனர். இவர்களோ கோலும் நூலும் கொண்டு ஒரு மீனுக்காக நாள் முழுவதும் நிற்கின்றனர்.

இஸ்லமொராடா என்னும் ஊரில், 81 ஆம் மைலுக்கும் 82 ஆம் மைலுக்கும் இடையே, பாதையோரத்திற் பவளப்பாறைக் கல்லாலான நினைவுத்தூண் ஒன்று நிற்கின்றது. தென்னைகள் காற்றில் வளைவதும் அலைகள் எழுவதும் அதிற் செதுக்கப்பட்டுள்ளன. வண்டியை நிறுத்தி இறங்கினோம்.

இப்பாதை இருக்குமிடத்தில் முன்னர் இருந்தது புகையிரதப் பாதை. ஹென்றி பிளாக்லர் என்னும் பெருஞ்செல்வர் பொருளை நீராய் இறைத்துக் கடலின்மேல் அமைத்த அப்பாதையில், 1912 ஜனவரியில் முதற் புகையிரதம் கீ வெஸ்டை அடைந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளின் பின், 1935 செப்ரெம்பர் 2 ஆம் நாள், பெரும் புயலொன்று இவ்வூரைத் தாக்கிற்று. பாதை வேலைக்கென வந்திருந்த பழைய போர்வீரரையும் ஊராரையும் மீட்க அனுப்பிய புகையிரதத்தைக் கடல் புரட்டிவிட்டது. இயந்திரம் மாத்திரமே தண்டவாளத்தில் நின்றதாம். இறந்தவர் 400 இற்கு மேல். புகையிரதப் பாதையை மீள அமைக்க அக்கம்பனிக்கு வலுவில்லை. எஞ்சிய பாலங்களின்மேல் மோட்டார்ப் பாதை அமைத்து 1938 இல் திறந்தனர்.

இதனைக் கேட்டபோது எமக்குத் தனுஷ்கோடி நினைவுக்கு வந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி அங்கே புகையிரதம் பிடித்த கதையை எம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1964 டிசம்பர் புயலில் அந்நகரும், வந்துகொண்டிருந்த புகையிரதமும் கடலுள் ஆயின. மருமகனுக்கு அக்கதையைச் சொன்னோம். அவன் தூணையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எவ்வளவு காசு கொட்டிக் கட்டியிருப்பினம், என்ன மாமா?” என்றான்.

தராசும் மூன்று சக்கரங்களும்

கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்க முதியவர். அவர்தம் கடையின் ஒரு சுவர் முழுவதும் சக்கரங்கள். மருமகன் தன் எண்ணத்தையும், கையிலுள்ள தொகையையும், தந்தையாரின் மறுப்பையும் ஒளிக்காமற் கூறினான். முதியவர் சிரித்துவிட்டு, மூன்று சக்கரங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று 90 டொலர், ஒன்று 260 டொலர், மற்றையது அவன் கனவு கண்ட 850 டொலர்ச் சக்கரம்.

விமானத்திற் பயணஞ்செய்யும் எம்மவர் பெட்டி நிறுக்கும் விற்றராசு ஒன்றைக் கொண்டு திரிவது வழக்கம். அஃது எம் கைப்பையிற் கிடந்தது. அதனை எடுத்து, நூலின் நுனியைத் தராசின் கொளுக்கியிற் கட்டிச் சோதிக்கலாமோ என வினவினோம். முதியவர் மிக மகிழ்ந்து, மூன்றிலும் சோதனைக்கென நூல் சுற்றித் தந்தார். மூன்றின் பிரேக்கையும் 3 இறாத்தல் இழுவைக்குச் சரிசெய்து, மருமகன் சக்கரத்தைப் பிடிக்க நாம் தராசை இழுத்தோம்.

90 டொலர்ச் சக்கரத்தில் முள் 5 இறாத்தல் வரை ஏறி, வெடுக்கென்று 3 இற்கு இறங்கி, மீண்டும் ஏறி இறங்கிற்று. இரண்டாவதில் முள் 3 ஐச் சிறிதே தாண்டி, பின்னர் அசையாது நின்றது. மூன்றாவதில் அந்தச் சிறு தாண்டலும் இல்லை. நெய்யில் விரல் வைத்தாற்போல் நூல் வந்தது.

நிலையியல் உராய்வு இயக்கவியல் உராய்விலும் பெரிது என்று வகுப்பிற் கற்பிக்கின்றோம். இங்கே அஃது ஒரு மீனை இழப்பதா பெறுவதா என்னும் கேள்வியாகின்றது. மீன் பாயத் தொடங்கும் முதற் கணத்திலேதான் தங்கூசி அறுகின்றது. ஆதலின் புதிதாக வாங்குவோர் முதலில் நோக்கவேண்டியது, சக்கரம் எவ்வளவு வலுவாகத் தடுக்கின்றது என்பதன்று. எவ்வளவு மென்மையாகச் சுழலத் தொடங்குகின்றது என்பதே.

90 டொலர்ச் சக்கரத்தின் விளம்பர அட்டையில், 20 இறாத்தலுக்கு மேல் தடுக்கும் எனப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தனர். முதியவர் அதனைச் சுட்டி நகைத்தார். போன்பிஷ் பிடிக்கும் நுனிநூல் தாங்குவது 10 இறாத்தல் அளவே. பிரேக்கை அதில் ஏறக்குறையக் காற்பங்குக்கு, அதாவது 2½ அல்லது 3 இறாத்தலுக்குச் சரிசெய்வர். அதற்கு மேற்பட்ட வலுவெல்லாம் அட்டையில் இருக்குமேயன்றிக் கடலிற் பயன்படாது. 2001 மே மாதத்தில், இம்மாநிலத்தின் மேற்குக் கரையில், 202 இறாத்தல் 8 அவுன்சு நிறையுள்ள டார்பன் மீன் ஒன்றை ஈத்தூண்டிலிற் பிடித்தனர். அதன் நுனிநூலும் 20 இறாத்தல் வகையே என்றார் அவர்.

அடுத்து, நூல் சுற்றும் நடுத்தண்டின் பருமன். பிரேக்கு அச்சைச் சுற்றித் தொழிற்படுவதால், நூலில் உணரப்படும் இழுவை நூற்சுருளின் ஆரையைப் பொறுத்து மாறும். நூல் நிரம்பியபோது ஆரை 2 அங்குலமும் இழுவை 2 இறாத்தலும் என்க. மீன் ஓடி நூல் குறைந்து ஆரை 1 அங்குலமானால், நாம் எதனையும் தொடாமலே இழுவை 4 இறாத்தலாகிவிடும். நடுத்தண்டு பருத்த சக்கரத்தில் ஆரை 1.6 அங்குலத்துக்குக் கீழ்ச் செல்லாது என வைத்துக்கொண்டால், இழுவை 2½ இறாத்தலே ஆகும். மீளச் சுற்றும்போதும் இதில் நன்மையுண்டு. கைபிடியின் ஒரு சுற்றுக்கு, ஆரை 2 அங்குலமாயின் பன்னிரண்டரை அங்குல நூல் வரும். 1 அங்குலமாயின் ஆறேகால் அங்குலமே வரும். மீன் எம்மை நோக்கித் திரும்பி ஓடிவரும்போது, தளர்ந்த நூலை விரைவிற் சுற்றாவிடின் கொளுக்கி கழன்றுவிடும்.

மூன்றாவது, உப்பைத் தடுக்கும் அமைப்பு. 90 டொலர்ச் சக்கரம் அச்சில் வார்த்த அலுமினியம். பிரேக்கு திறந்த நிலையில் இருந்தது. மற்றைய இரண்டும் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தவை. மின்னோட்டத்தின் உதவியால் அலுமினியத்தின்மேல் ஒட்சைட்டுப் படையைத் தடிப்பாக்கும் அனோடைசிங் முறையால் அவற்றின் உள்ளும் புறமும் காக்கப்பட்டிருந்தன. 260 டொலர்ச் சக்கரத்தின் பிரேக்கு, நீரும் மணலும் புகாதவாறு முத்திரையிட்ட சிறு பேழையினுள் அடங்கியிருந்தது.

“அப்படியாயின் 850 டொலர் எதற்கு?” என வினவினோம்.

முதியவர் நேர்மையானவர். தம் கடையின் விலையுயர்ந்த பொருளை அவர் இழித்துப் பேசவுமில்லை, எம்மீது திணிக்கவுமில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து பழைய சக்கரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். 1956 இல் ஹங்கேரியில் எழுந்த புரட்சியின் பின் அமெரிக்கா வந்து சேர்ந்தவர் டெட் யுராசிக் என்னும் கருவித் தொழிலாளர். அவர், டார்பன் பிடிப்பதிற் பேர்பெற்ற பில்லி பேட் என்பாருடன் சேர்ந்து 1976 இல் வெளியிட்ட சக்கரம் அது. பின்னர் திபோர் என்னும் பெயரிலும் அவர் சக்கரங்கள் செய்தார். அவற்றின் பிரேக்கு வெறும் தக்கைத் தட்டுத்தான். நீர்புகா முத்திரை எதுவும் இல்லை. ஆயினும் எளிதிற் கழற்றித் துடைத்து எண்ணெயிடலாம். ஒழுங்காகப் பேணினால் பேரன் காலத்துக்கும் உழைக்கும். நூறு இறாத்தல் மீனை மணிக்கணக்கில் எதிர்கொள்வோருக்கும், வாரம் ஐந்து நாள் கடலிறங்கும் வழிகாட்டிகளுக்கும் அத்தகைய சக்கரம் வீண் செலவாகாது. ஐந்தாறு இறாத்தல் மீனைத் தேடி மாதம் இருமுறை கடலுக்குப் போகும் மாணவனுக்கு அது தேவைக்கு மிஞ்சியது.

மருமகன் 850 டொலர்ச் சக்கரத்தைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தான். அவன் கண்களில் ஆசை தீரவில்லை. பின்னர் முதியவரிடம் ஒரு வினா வினவினான்.

“இதனையும் நான் கழுவாது ஈரப்பையிற் போட்டு வைத்தால் என்ன ஆகும்?”

“இதுவும் இறுகும், சிறிது காலம் கூடுதலாகச் செல்லும், அவ்வளவுதான்” என்றார் முதியவர்.

மருமகன் அதனை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு, 260 டொலர்ச் சக்கரத்தை எடுத்தான். அடிநூலுக்கு 20 டொலர். வரியும் சேர 301 டொலர் ஆயிற்று. குறைந்த ஒரு டொலரை நாம் கொடுத்து, அச்சக்கரத்திற் பங்காளியானோம்.

பரவைக்கடலில் ஒரு மாலை

அன்று பிற்பகல் கடல்நீர் ஏறும் வேளை பார்த்து, அத்திலாந்திக் பக்கத்துக் கரையில் இறங்கினோம். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நாம் கரையோரத்தில் நிற்க, மருமகன் நீருள் நூறு அடி தூரம் நடந்து சென்றான். ஒருமணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. வடமேற்கே மேகம் கறுத்து இடி முழங்கிற்று. திரும்புவோமோ என நாம் எண்ணிய வேளையில் அவன் குனிந்தான்; கோல் சுழன்றது; நூல் நீண்டு நீரில் விழுந்தது.

அடுத்த கணம் சக்கரம் பாடத் தொடங்கிற்று. வேறு சொல் எமக்குத் தோன்றவில்லை. தடித்த நூல் முழுவதும் போய், வெண்ணிற அடிநூல் நீரைக் கிழித்துக்கொண்டு சென்றது. அவன் கோலை உயர்த்திப் பிடித்தபடி, சக்கரத்திற் கைபடாமல் நின்றான். ஓடும் சக்கரத்தின் கைபிடி விரலை முறிக்கவல்லது என்பதனை அவன் அறிவான். மீன் நின்றது, அவன் சுற்றினான். மீண்டும் ஓடிற்று; நின்றது; சுற்றினான். மூன்றாம் முறை அது இருபது அடி தூரத்துக்கு வந்துவிட்டது. வெள்ளித் தகடுபோல் அதன் விலா மின்னியதை நாமும் கண்டோம். அப்பொழுது கொளுக்கி கழன்றது. மீன் ஒரு கணம் திகைத்து நின்று, பின்னர் மறைந்தது.

அவன் மனம் உடைந்துபோவான் என அஞ்சியபடி நீருள் இறங்கி அருகே சென்றோம். அவன் முகம் மலர்ந்திருந்தது.

“மாமா, சக்கரம் இறுகேல்லை!”

கையில் அகப்பட்டிருந்தாலும் அம்மீனை அவன் விட்டேயிருப்பான். புளோரிடாவில் 2013 முதல், போன்பிஷ் மீனைப் பிடிப்போர் உயிரோடு கடலில் விட்டுவிடவேண்டும் என்பது சட்டம். நல்ல பிரேக்குக்கு இதிலும் ஒரு பங்குண்டு. நெடுநேரம் இழுபட்டுக் களைத்த மீன், விடப்பட்ட பின்னும் சுறாவுக்கு இரையாகிவிடும். விரைவிற் கரைசேர்த்து விரைவில் விட்ட மீனே பிழைக்கும். உயிர்க்கொலை விரும்பாத எம் மனத்துக்கு இச்செய்தி ஓரளவு ஆறுதல் தந்தது.

நல்ல தண்ணீர்

இரவு வீடு திரும்பியபோது அத்தான் வாசலில் நின்றார். விலை என்ன என்று அவர் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை. தமக்கையார்தான் எம் முகத்தைப் பார்த்து விடயத்தை விளங்கிக்கொண்டார். மருமகன் சக்கரத்தைக் கோலிலிருந்து கழற்றி, முற்றத்துக் குழாயின் விசைநீரை அதன்மேற் பாய்ச்ச முனைந்தான்.

“பொறு, பொறு” என்று தடுத்தார் அத்தான். உள்ளே சென்று ஒரு தாம்பாளத்தில் மெல்லிய சூட்டோடு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“விசையாத் தண்ணி அடிச்சால் உப்பு இன்னும் உள்ளுக்கைதான் போகும். எங்கடை ஊரிலை தொழிலாலை வந்த உடனை எஞ்சினை நல்ல தண்ணியிலை ஓடவிட்டிட்டுத்தான் சனம் வீட்டை போகும். பசி கிடந்தாலும் அதுதான் முதல் வேலை.”

அத்தான் வடமராட்சிக் கரையோரத்திற் பிறந்து வளர்ந்தவர். அதனை அவர் மறந்துவிட்டார் என்றே நாம் எண்ணியிருந்தோம்.

கடைக்காரர் எழுதித் தந்த சீட்டை மருமகன் வாசித்தான். தந்தையார் அதன்படி செய்தார். முதலிற் பிரேக்கை இறுக்கினார். பின்னர் நூற்சுருளைத் தனியே கழற்றி, சட்டத்தையும் சுருளையும் மெல்லக் கழுவினார். ஈரமான அடிநூலைக் கைநிறைய உருவிக் கழுவிக் காயவிட்டார். துணியால் ஒற்றி, அச்சில் ஒரு துளி எண்ணெயிட்டு, ஈற்றிற் பிரேக்கை முற்றாகத் தளர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைத்தார். எல்லாம் பத்து நிமிட வேலை. இப்பத்து நிமிடத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. குறைந்த பணத்தில் நல்ல சக்கரம் வாங்க விரும்புவோர் மென்மையான தொடக்கம், பருத்த நடுத்தண்டு, உப்புப் புகாத பிரேக்கு ஆகிய மூன்றையும் கடையிற் பார்க்கலாம். நான்காவது அவரவர் வீட்டு முற்றத்திலே இருக்கின்றது.

ஒரு டொலர்ப் பங்காளி என்ற உரிமையில், துடைக்கும் துணியை நாமும் ஒருமுறை கேட்டோம். அத்தான் தரவில்லை. சக்கரத்தைக் காதருகே வைத்து, விரலால் மெல்லச் சுழற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் சுத்துது” என்றார். பின்னர், மகனை நிமிர்ந்து பாராமலே கேட்டார்:

“வாற சனிக்கிழமை எத்தினை மணிக்குத் தண்ணி ஏறும்?”